புயலுக்குப் பயந்து பேட்டரி சோலார் வாங்கலாமா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் சொந்த வீடு. ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது 63. போன வருஷம் கட்டிய ஆறு கரண்ட் பில்களில் கோடையில் இரண்டு தலா 5,100 ரூபாய் (820 யூனிட்), நடுவில் இரண்டு தலா 2,600 (560 யூனிட்), மழை, பனிக் காலத்தில் இரண்டு தலா 1,200 (400 யூனிட்). 7.25% வட்டியில் போட்ட 3 லட்சம் ரூபாய் டெபாசிட் இந்த மாதம் முதிர்கிறது. 3 கிலோவாட் ஹைபிரிட் சோலார் 3.6 லட்சம், ஆன்-கிரிட் என்றால் 2 லட்சம் என்கிறார்கள். தானே புயலில் நாள்கணக்காக இருட்டில் கிடந்ததால் பேட்டரியோடுதான் வேண்டும் என்கிறார் மனைவி. வீட்டில் 150 ஏ.ஹெச். பேட்டரியோடு இன்வெர்ட்டர் இருக்கிறது. மின் இணைப்பு இன்னும் அப்பா பெயரில். என்ன செய்யலாம்?

பதில்: 2011 டிசம்பர் 30 காலையை மறந்த கடலூர்க்காரர் யார்? பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்த புயல் அது. உங்கள் மனைவியின் பயம் நியாயமானது. ஆனால் பில்லைக் குறைப்பது ஒரு செலவு, புயல் ராத்திரிக்கு விளக்கு வாங்குவது வேறு செலவு. இரண்டையும் ஒரே பில்லில் போட்டு 3.6 லட்சம் கேட்கிறார்கள்.

ஆன்-கிரிட் ஈ.பி. லைனோடு சேர்ந்து ஓடும். பகலில் மிஞ்சும் கரண்ட் லைனுக்குப் போய் நெட் மீட்டரில் உங்கள் கணக்கில் கழியும். லைன் போனால் இதுவும் நின்றுவிடும், வெயில் கொளுத்தினாலும் சரி. கம்பத்தில் வேலை செய்பவர் மேல் உங்கள் வீட்டுக் கரண்ட் பாயக்கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. ஹைபிரிட்டில் பேட்டரி இருப்பதால் கட் ஆனாலும் வீடு ஓடும். ஆஃப்-கிரிட் என்பது லைனே எட்டாத தோட்டத்துக்கு, உங்களுக்கு வேண்டாம்.

இனி கணக்கு. வீட்டுக் கூரை சோலாருக்கான மத்திய அரசின் பி.எம். சூர்யா கர் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதற்கு 18,000, அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம். பேட்டரிக்கு மானியம் கிடையாது. ஹைபிரிட் மானியம் போக 2.82 லட்சம். உங்கள் வருட பில் மொத்தமே 17,800! அது முழுசாக மிச்சமானாலும் போட்ட பணம் வர 16 வருஷம் ஆகும். அதற்குள் பேட்டரி மாற்றும் செலவும் வந்து நிற்கும்.

3 கிலோவாட்கூட உங்களுக்கு அதிகம் என்பேன். முதல் 100 யூனிட் அரசே இலவசமாகத் தருகிறது. 500 யூனிட்டைத் தாண்டும்போதுதான் மேல் யூனிட் ஒவ்வொன்றும் 8, 9, 10 ரூபாய்க்கு மேல் போகிறது. சோலார் முதலில் வெட்டுவது அந்த உச்சியைத்தான். 2 கிலோவாட் நாளுக்குச் சுமார் 8 யூனிட், இரண்டு மாதத்துக்கு 480. கோடை பில் 900 ரூபாய்க்கு இறங்கும், மற்ற மாதங்களில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. வருஷத்துக்கு 16,000 மிச்சம். 3 கிலோவாட் போட்டாலும் இதைவிட 1,800 ரூபாய்தான் கூடும்.

2 கிலோவாட் ஆன்-கிரிட் 1.4 லட்சம் அளவில் கேட்பார்கள். 60,000 மானியம் போக 80,000. ஐந்து வருஷத்தில் வந்துவிடும். டெபாசிட் வட்டிக்கு வரிக்கணக்கு உண்டு, மிச்சமான பில்லுக்கு இல்லை. ஆனால் டெபாசிட்டில் அசல் திரும்பும், பேனலில் திரும்பாது. பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் சோலாரின் இன்வெர்ட்டரை மாற்ற வேண்டியும் வரலாம். அதனால் 3 லட்சத்தையும் இதில் இறக்காதீர்கள். மானியம் பிறகுதான் வங்கிக் கணக்குக்கு வரும் என்பதால் முதலில் 1.4 லட்சத்தை எடுங்கள், மீதியை மறுபடி டெபாசிட்டில் போடுங்கள்.

புயலுக்கு, இருக்கிற இன்வெர்ட்டர் பேட்டரியையே பயன்படுத்துங்கள். தனியாக 330 வாட் பேனல் ஒன்றும் பேட்டரிக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும், அதற்கேற்ற சார்ஜ் கன்ட்ரோலரும் போட்டால் 20,000 ரூபாய்க்குள் முடியும். வெயில் வந்துவிட்டால் ராத்திரி இரண்டு ஃபேன், நாலு எல்.இ.டி. விளக்கு, செல்போன் சார்ஜ் ஓடும். ஃபிரிட்ஜ் ஓடாது, அதை வீட்டில் முன்பே சொல்லிவிடுங்கள்.

கம்பெனிக்காரரிடம் பேனலைத் தாங்கும் இரும்பு ஃபிரேமைப் பற்றி நன்றாகக் கேளுங்கள். கடற்காற்றுக்குச் சாதாரண பெயின்ட் அடித்த இரும்பு தாங்காது, துத்தநாக முலாம் பூசியதாக இருக்க வேண்டும். வீட்டுக் காப்பீட்டில் பேனலையும் சேருங்கள். முன்பணம் எதுவும் கொடுப்பதற்கு முன்னால், அப்பா பெயரில் உள்ள இணைப்பை உங்கள் பெயருக்கு மாற்ற இந்த வாரமே ஈ.பி. ஆபீசில் மனு கொடுங்கள். மானியம் விண்ணப்பதாரர் கணக்குக்குத்தான் வரும்.