ஜெர்மனியில் மோச்சி: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

கேள்வி: கணவர் வேலைக்காகச் சில வருடங்கள் டோக்கியோவில் இருந்தோம். இப்போது டுசெல்டோர்ஃப் பக்கம் வந்துவிட்டோம். அரிசியை வேகவைத்து இடித்துச் செய்யும் ஜப்பானியப் பண்டமான மோச்சியைப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கிறார்கள். ஜப்பானியக் கடையில் விலையைப் பார்த்தால் எடுத்ததைத் திரும்ப வைத்துவிட்டு வரத் தோன்றுகிறது. வியட்நாம்காரர் கடையில் கொரிய அரிசித் துண்டுகள் மலிவாகக் கிடைக்கின்றன. அதை வாங்கிச் சமாளிக்கலாமா? வீட்டில் இடியாப்ப மாவும் நிறைய இருக்கிறது.

பதில்: கொரியத் துண்டை மோச்சிக்குப் பதிலாக வாங்க வேண்டாம். தொக்பொக்கி என்ற கொரியக் காரப் பண்டம் செய்கிற அந்த நீளத் துண்டுகள் பெரும்பாலும் சாதாரண அரிசியில், சிலது கோதுமை மாவில் செய்தவை. காரக் குழம்பில் கொதிக்கவிட்டால் அருமையாக இருக்கும். ஆனால் வலைத்தட்டில் வைத்துச் சுட்டால் உப்பாது, கடித்து இழுத்தால் நீளாது. பிள்ளைகள் ஒரு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவார்கள், அந்தக் காசும் வீண்தான். இடியாப்ப மாவுக்கும் இதே பதில். மோச்சிக்கு வேண்டியது ஒட்டரிசி. அதன் மாவுச்சத்து கிட்டத்தட்ட முழுக்க அமைலோபெக்டின் என்ற ஒட்டும் வகை. நம் பச்சரிசியில் அவ்வளவாக ஒட்டாத அமைலோஸ் வகையும் கலந்திருப்பதால் எவ்வளவு பிசைந்தாலும் அந்த இழுவை வராது.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் கேட்பது சுட்டுச் சாப்பிடும் கட்டி மோச்சியா, உள்ளே பூரணம் வைத்த இனிப்பு மோச்சியா? இரண்டையும் ஒரே கடையில் ஒரே அலமாரியில் வாங்குவதால்தான் செலவு ஏறுகிறது.

இனிப்பு என்றால் ஜப்பானியக் கடைக்கே போக வேண்டாம். தாய்லாந்தின் எராவான் ஒட்டரிசி மாவு போதும், மூன்று தலை யானைப் படம் போட்டிருக்கும். பச்சை நிறப் பையாகப் பார்த்து எடுங்கள், சிவப்புப் பை சாதாரண அரிசி மாவு. ஆசியக் கடைகளில் அநேகமாக எல்லாவற்றிலும் இருக்கும், ஷிராதாமாகோ என்ற ஜப்பானிய ஒட்டரிசி மாவை விட மிகவும் மலிவு. 100 கிராம் மாவு, 150 மில்லி தண்ணீர், 50 கிராம் சர்க்கரை மூன்றையும் கட்டியில்லாமல் கரைத்து, மைக்ரோவேவில் 2 நிமிடம் வைத்துக் கிளறுங்கள். அப்புறம் இன்னொரு நிமிடம். வெள்ளை மாவு நிறம் போய்க் கண்ணாடி மாதிரி பளபளப்பு வந்து, கரண்டியை விடாமல் ஒட்டிக்கொண்டு மேலே வந்தால் வெந்துவிட்டது. மேலே தூவ உருளைக்கிழங்கு ஸ்டார்ச் எந்த ஜெர்மன் சூப்பர் மார்க்கெட்டிலும் இருக்கிறது. ஷிராதாமாகோவின் வழவழப்பு இதில் கொஞ்சம் குறையும். ஆனால் அந்த விலை வித்தியாசத்துக்கு அது ஒரு குறையே இல்லை என்பேன்.

கட்டி மோச்சிக்கு, அதாவது கிரிமோச்சிக்குக் காசு கொடுத்துத்தான் ஆக வேண்டும். எந்தப் பைக்கு என்பதில்தான் கவனம் வேண்டும். இங்கே விற்கும் பையின் பின்பக்கம் இறக்குமதியாளர் ஒட்டிய ஜெர்மன் ஸ்டிக்கர் இருக்கும். அதில் பொருள்கள் பட்டியலில் 'கிளேப்ரைஸ்' என்ற ஒட்டரிசி மட்டும், அதிகம் போனால் தண்ணீரும், இருந்தால் அதை வாங்குங்கள். 'ஷ்டேர்க்க' என்று ஸ்டார்ச்சோ, ஒட்டரிசி மாவோ சேர்ந்திருந்தால் அது கலப்பு மோச்சி. சூப்பில் போட்டால் சீக்கிரம் கரையும், இழுவையும் மட்டு. விலையும் அதற்கேற்பக் குறைவாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

அடுத்தது கிலோ விலை. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி விலைச்சீட்டில் ஒரு கிலோவுக்கு என்ன விலை என்பதும் இருக்க வேண்டும், ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும். சில சிறு கடைகளில் இருக்காது, அங்கே போனில் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 1 கிலோ பையில் சுமார் 50 கிராம் வீதம் 20 துண்டுகள் வரும். சின்னப் பை கைக்கு மலிவாகத் தெரியும், கிலோவுக்குப் பார்த்தால் அநேகமாக அதுதான் அதிக விலை. ஒவ்வொரு துண்டும் தனி உறையில் இருப்பதால் பெரிய பை வாங்கினால் கெட்டுவிடுமோ என்ற பயமும் வேண்டாம். பக்கவாட்டில் வெட்டு போட்ட துண்டுகள் ஒழுங்காக உப்பும். ஆனாலும் வெட்டு இருக்கிறது என்பதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

வாங்கும் காலம்தான் பெரிய விஷயம். புத்தாண்டுக்கு அலங்காரமாக வைக்கும் ககாமி மோச்சியை ஜப்பானில் பல இடங்களில் ஜனவரி 11 அன்று எடுத்து உடைத்துச் சாப்பிடுவது வழக்கம். அதற்குப் பிறகு கடைக்காரருக்கு அந்த அலங்காரப் பெட்டி ஒரு சுமை. டுசெல்டோர்ஃபில் ஜப்பானியக் கடைகள் இருக்கும் இம்மர்மன் தெருவில் டிசம்பரில் இந்தச் சரக்கு வந்து இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள், விலையைக் குறைத்திருக்கிறார்களா என்று ஜனவரி நடுவில் மறுபடி ஒரு நடை போய்ப் பாருங்கள். பிளாஸ்டிக் அச்சுக்குள் தனித்தனி உறையிட்ட துண்டுகள் இருக்கும் வகையாகப் பார்த்து எடுங்கள். இன்னொன்று, 'மிண்டஸ்ட்ஹால்ட்பார்கைட்' தேதி நெருங்கிய பைகளைக் குறைந்த விலைக்குத் தருவீர்களா என்று வாய்விட்டுக் கேளுங்கள். அது தரம் குறையாமல் இருக்கும் என்று உறுதி சொல்லும் தேதிதான், அன்றே தூக்கிப் போட வேண்டிய தேதி இல்லை.

கேள்வி: டோக்கியோவில் இருக்கும் தோழி பார்சலில் அனுப்புகிறேன் என்கிறாள். மலிவாக முடியுமா?

பதில்: முடியாது. மோச்சி கனமான சரக்கு, தபால் செலவு மோச்சி விலையைத் தாண்டிவிடும். தனிநபர் அன்பளிப்புக்கு 45 யூரோ வரை வரி இல்லை. ஆனால் நீங்களே இணையக் கடையில் வாங்கி வரவழைத்தால், எவ்வளவு சின்னத் தொகையானாலும் 2021 ஜூலை முதல் இறக்குமதி வாட் வரி உண்டு. யாராவது நேரில் வரும்போது பெட்டியில் இரண்டு பை வைத்து எடுத்துவரச் சொல்லுங்கள்.

கேள்வி: வீட்டிலேயே அரிசியிலிருந்து செய்தால்?

பதில்: நிறையச் சாப்பிடும் குடும்பம் என்றால் இதுதான் லாபம். 1 கிலோ ஒட்டரிசிக்கு ஏறக்குறைய 1.3 கிலோ மோச்சி வரும். ராத்திரி ஊறவைத்து, தண்ணீரை வடித்து, துணி விரித்த இட்லிப் பானையில் 40 நிமிடம் ஆவியில் வேகவிடுங்கள். பிறகு சூடு ஆறுவதற்குள் மாவு பிசையும் மிக்சரில் ஓட விடலாம். வெட் கிரைண்டரில் போட்டு மோட்டாரைப் பணயம் வைக்க வேண்டாம். இதற்கென்றே விற்கும் மோச்சி இயந்திரம் விலை அதிகம், எப்போதாவது செய்பவர்களுக்குத் தேவையில்லை. செய்ததை ஃப்ரிட்ஜில் வைத்தால் கல்லாகிவிடும். வெட்டி, தனித்தனியாகச் சுற்றி, ஃப்ரீசரில் வையுங்கள்.

கேள்வி: ஊரிலிருந்து மாமியார் வருகிறார். அவருக்கும் கடைக்குட்டிக்கும் கொடுக்கலாமா?

பதில்: கடைக்குட்டி இன்னும் நன்றாக மென்று சாப்பிடாத வயது என்றால் கொடுக்கவே வேண்டாம். ஜப்பானில் ஒவ்வொரு புத்தாண்டிலும் மோச்சி தொண்டையில் அடைத்து முதியவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள், சிலர் இறந்தும் போகிறார்கள். டோக்கியோ தீயணைப்புத் துறை வருடா வருடம் எச்சரிக்கிறது. மாமியாருக்குப் பட்டாணி அளவில் நறுக்கி, முதலில் ஒரு வாய் சூப்போ டீயோ குடிக்கச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து கொடுங்கள். பல்செட் கட்டியிருந்தால் அன்றைக்கு அவருக்கு இட்லியே போதும்.