நூறு சதவீதம் காட்டிய பிறகும் பென் டிரைவ் ஏன் வெளியே வரவில்லை?

லினக்ஸில் 2 ஜிபி காணொளியைப் பென் டிரைவுக்கு நகலெடுத்தால் நொடிகளில் 100% காட்டுகிறது, 'வெளியேற்று' அழுத்தினால் நிமிடக்கணக்கில் அடம்பிடிக்கிறது, நண்பரின் விண்டோஸ் கணினியிலோ சதவீதம் காட்டும் பட்டை மெதுவாக ஊர்கிறது என்கிறீர்கள். டிரைவில் பழுதில்லை, உங்கள் பட்டைதான் புளுகுகிறது.

கோப்பு முதலில் ரேமில் போய் உட்காருகிறது. அதை வாங்கி வைத்ததுமே லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் 'ஆயிற்று' என்று சொல்லிவிடும். பென் டிரைவில் எழுதும் வேலை பின்னணியில் சாவகாசமாக நடக்கும். முடிக்கும் முன்பே முடித்ததாக அறிக்கை கொடுக்கும் இந்தக் கலையை, தன்னை எழுதியவர்களிடமிருந்துதான் அது கற்றிருக்க வேண்டும். ரேம் கூடினால் பொய்யின் அளவும் கூடும், ஏனெனில் எவ்வளவு தேக்கலாம் என்ற வரம்பே நினைவகத்தின் சதவீதக் கணக்குதான்.

கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரமான டெர்மினலில் 'சிங்க்' (sync) கட்டளை கொடுங்கள். எழுதி முடியும்வரை அது வாய் திறக்காது. அதற்குள் டிரைவைப் பிடுங்கினால் கோப்பின் பெயர் மட்டும் மிஞ்சலாம்.

விண்டோஸ் 10, 1809 பதிப்பிலிருந்து கழற்றக்கூடிய டிரைவ்களுக்கு இப்படித் தேக்குவதை இயல்பாகவே தவிர்க்கிறது. நண்பரின் கணினியில் பட்டை ஊர்வது அதனால்தான்.