காது கேளாத பிள்ளைகளும் தமிழ் வாசிப்பும்: கேள்வி பதில்

கே: என் மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. 'வீடு' என்று எழுதினால் படத்தைத் தொட்டுக் காட்டுகிறாள். 'வீட்டில்' என்றால் விழிக்கிறாள். ஏன்?

ப: அவளுக்கு அது புதுச் சொல்தான் அம்மா. காது கேட்கும் பிள்ளை 'வீட்டில்', 'வீட்டுக்கு', 'வீட்டை' என்று கேட்டுக் கேட்டுத்தான் பள்ளிக்கே வருகிறது. உங்கள் மகள் இவற்றை எழுத்தில்தான் முதன்முதலாகப் பார்க்கிறாள். அதிலும் தமிழில் 'இல்', 'கு', 'ஐ' போன்ற ஒட்டு சேரும் இடம் எழுத்துக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். 'வீட்டு', 'இல்' சேரும்போது 'டு' மறைந்து 'டி' வந்துவிடுகிறது. 'வீட்டில்' என்று எழுதிய அட்டையை எங்கே வெட்டினாலும் 'இல்' தனியாகக் கிடைக்காது. அதனால் 'வீட்டு + இல்' என்று இரண்டு நிறத்தில் எழுதி, அதன் அடியில் 'வீட்டில்' என்று சேர்த்து எழுதுங்கள். அப்புறம் காட்டில், ரோட்டில். எல்லாம் படத்தோடு. பிறகு, நீங்கள் சொல்லித்தராத 'கூட்டில்' என்பதை அவளே பிரிக்கிறாளா என்று பாருங்கள். 1958இல் ஜீன் பெர்க்கோ என்ற மொழி ஆய்வாளர் அமெரிக்கப் பிள்ளைகளிடம் இல்லாத சொற்களைக் கொடுத்துப் பன்மை கேட்டதும் இதற்குத்தான். மனப்பாடமா, விதி பிடிபட்டதா என்று தெரிந்துவிடும்.

கே: என் மாணவன் காதுக்கருவி போட்டிருக்கிறான். ஆனாலும் 'படித்தான்', 'படித்தாள்', 'படித்தால்' மூன்றையும் குழப்புகிறான்.

ப: அவனைக் குறை சொல்லாதீர்கள் டீச்சர். பேச்சில் 'படிச்சா' என்றால் 'படித்தாள்' என்றும் ஆகும், 'படித்தால்' என்றும் ஆகும். சொல்லின் கடைசி ஒலி மெலிந்துவிடும். ன், ள், ல் மூன்றையும் உதட்டைப் பார்த்துப் பிரிப்பதும் கஷ்டம். பையன், பெண், பெரியவர் படங்களை வைத்து, ஒரே வினையின் கடைசியை மட்டும் மாற்றி மாற்றி எழுதிக் காட்டுங்கள்.

கே: சைகை மொழி பழகினால் தமிழ் கெட்டுப்போகும் என்கிறார்களே?

ப: கெடாது. இந்தப் பயத்தில் பிள்ளைக்கு மொழியே கிடைக்காமல் செய்வதுதான் பெரிய கொடுமை. இந்திய சைகை மொழியில் காலம் வினையோடு ஒட்டாது. 'நேற்று', 'முடிந்தது' என்று தனிச் சைகை வரும். ஆனால் யார் யாருக்குக் கொடுத்தார் என்பதைக் கை நகரும் திசையே சொல்லிவிடும். கை போய் நிற்கும் ஆள்தான் தமிழில் 'கு' ஏற்கும் ஆள் என்று காட்டினால் 'உனக்கு', 'அவனுக்கு' எல்லாம் சுலபமாகப் பிடிபடும்.

கே: என் வகுப்பில் எல்லாருக்கும் காது கேட்கும். இதெல்லாம் வேண்டுமா சார்?

ப: வேண்டும். 'விளையாடிக்கொண்டிருந்தவர்களுக்கு' என்ற சொல்லில் நான்காம் வகுப்புப் பிள்ளை திக்கினால், எழுத்துக்கூட்டச் சொல்லாமல் 'விளையாடி', 'கொண்டு', 'இருந்தவர்', 'கள்', 'கு' என்று பிரித்துக் காட்டுங்கள். சொல்லை இப்படி உறுப்புகளாகப் பிரிக்கும் பகுபத உறுப்பிலக்கணத்தை மதிப்பெண்ணுக்காக மட்டும் வைத்திருக்கிறோம். அதை வாசிப்பு வகுப்புக்குக் கொண்டுவாருங்கள்.