நான்காவது ஆள்

அன்புள்ள ஐயா,

ஆடியில் அப்பா தவறிப்போனார். இந்த வருடம் எங்களுக்குப் பண்டிகை இல்லை. கார்த்திகையன்று தெரு முழுக்க அகல் வரிசை, எங்கள் வாசல் மட்டும் இருட்டு. அன்றிலிருந்து சாயங்காலமானால் லைட் போடாமல் மொபைலை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். 'விளக்கு வைக்கிற நேரத்தில் இதென்ன' என்று மனைவி திட்டுகிறாள். யார் போன் செய்தாலும் எடுக்கப் பிடிக்கவில்லை. எடுத்தால் எல்லோரும் 'சுரங்கத்தின் முடிவில் வெளிச்சம் உண்டு' என்கிறார்கள். எனக்கு எதுவும் தெரியவில்லை. நம்பிக்கை தரும் புத்தகங்கள் சிலவற்றைச் சொல்வீர்களா? அந்த நம்பிக்கைக்குக் கடவுள் அவசியமா? இருட்டில் உட்கார்ந்திருப்பது தவறா?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

புத்தகப் பட்டியல் தரமாட்டேன். அப்பா போய் நாலைந்து மாதத்தில் புத்தகம் படித்துத் தேறியவர் யாரையும் நான் பார்த்ததில்லை. கண் வரியில் நிற்காது. கடவுள் உங்கள் சொந்த விஷயம். தூக்கமும் பசியும் சேர்ந்தே போயிருந்தால் எனக்கு எழுதுவதை விட்டுவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள், இந்த வாரமே.

அந்தச் சுரங்கத்தை மட்டும் என்னால் விட முடியவில்லை. சில நாட்களாக நானும் அதை நினைத்துத்தான் எரிச்சல்பட்டுக்கொண்டிருந்தேன். அது ரயிலில் போகிறவன் பேச்சு. தண்டவாளம் போட்டிருக்கிறது, வண்டி ஓடுகிறது, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் மறுபக்கம் வந்துவிடும். துக்கத்துக்கு யார் தண்டவாளம் போட்டுவைத்திருக்கிறார்கள்? நம் ஊர் இருட்டுக்குச் சுரங்கம் கிடையாது. ரேழி உண்டு, வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவிலிருக்கும் குறுகலான இடைகழி.

திருக்கோவலூர்க் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்ததாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். மழை ராத்திரி. காஞ்சியில் பிறந்த பொய்கையாழ்வார் ஒரு வீட்டு இடைகழியில் ஒதுங்கிப் படுக்கிறார். கடல்மல்லைக்காரரான, அதாவது மாமல்லபுரத்துக்காரரான பூதத்தாழ்வார் வந்து கதவைத் தட்டுகிறார். ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம் என்று எழுந்து இடம் கொடுக்கிறார். அப்புறம் மயிலாப்பூர்க்காரர், பேயாழ்வார். மூவர் நிற்கலாம். நிற்கிறார்கள். அப்போது நான்காவதாக யாரோ நெருக்குகிறார்கள். ஆள் தெரியவில்லை, நெருக்கல் மட்டும் தெரிகிறது. யாரென்று பார்க்க முதலாமவர் உலகத்தை அகலாக்கி, கடலை நெய்யாக்கி, சூரியனைச் சுடராக்கிப் பாடுகிறார். இரண்டாமவர் அன்பை அகலாக்கி, ஆர்வத்தை நெய்யாக்கி, மனசைத் திரியாக்குகிறார். மூன்றாமவர் விளக்கே ஏற்றவில்லை. 'திருக்கண்டேன்' என்று தொடங்கிவிடுகிறார். நெருக்கியவர் பெருமாள்.

வரிசையைக் கவனியுங்கள். மேடைதோறும் இதை விளக்கின் கதையாகவே சொல்லிப் பழக்கிவிட்டார்கள். முதலில் வந்தது விளக்கு இல்லை, நெருக்கல். இருட்டைப் போக்குவதற்காக அவர்கள் விளக்கேற்றவில்லை. இடிக்கிற ஆள் யாரென்று பார்க்க ஏற்றினார்கள். துன்பக்கடல் நீங்கட்டும் என்று முதல் பாட்டிலேயே இருக்கிறதே என்று பாடம் சொல்ல யாராவது வருவார்கள். இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஊர்ப் பெருமாளுக்கு தேகளீசன் என்று ஒரு பெயர் உண்டு. தேகளி என்றால் வாசற்படி, இடைகழி. சுடரின் பெயரையா வைத்தார்கள்? இடம் போதாமல் இடித்துக்கொண்டு நின்ற ரேழியின் பெயரை வைத்தார்கள்.

இதைப் படித்துத் தெரிந்துகொண்டவன் இல்லை நான். 2018 நவம்பர் 15 ராத்திரி வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் சித்தி வீட்டில் இருந்தேன். கஜா புயல். ஓட்டு வீடு, பதினோரு மணிக்கே ஓடு பறக்க ஆரம்பித்துவிட்டது. பக்கத்தில் ஒரே ஒரு காங்கிரீட் வீடு. அதன் சாமான் அறையில் பதினொரு பேரும் ஓர் ஆட்டுக்குட்டியும். தீப்பெட்டி நமுத்துப்போயிருந்தது. நனைந்த ஆட்டு வாடை, யாரோ மெல்லும் வெற்றிலை வாசம், வெளியே தென்னை முறியும் சத்தம். என் இடது மணிக்கட்டை ஒரு கை பிடித்துக்கொண்டது. பெண் கை. கண்ணாடி வளையல் ஒன்று விரிசல் விட்டு, காற்று அறையும்போதெல்லாம் என் தோலைக் கீறியது. சொல்லவில்லை. சொன்னால் கையை எடுத்துவிடுவார் என்று பயம்.

நடுவில் காற்று சட்டென்று நின்றது. மாட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஒரு பையன் எழுந்தான். மூலையிலிருந்து ஒரு கிழவர் குரல்: "உக்காருடா. பாதிதான் முடிஞ்சிருக்கு. மூச்சு வாங்குது, திரும்பி வரும்." வந்தது, இந்தத் தடவை தெற்கேயிருந்து. முடிந்துவிடும், விடிந்துவிடும் என்று அவர் சொல்லியிருந்தால் அந்தப் பையன் இன்றைக்கு இருக்க மாட்டான். எனக்கு அந்த ராத்திரியில் தெம்பாக இருந்தது அந்த ஒரு வாக்கியம்தான்.

விடிந்தபோது வளையலைப் பார்த்தேன். வேலித் தகராறில் எட்டு வருடமாகச் சித்தியோடு பேச்சுவார்த்தை இல்லாத எதிர்வீட்டு அம்மாள். கட்டிப்பிடித்து அழுதார்கள் என்று எழுத ஆசைதான். நடக்கவில்லை. விழுந்த தென்னை யார் பக்கத்து மரம் என்று எட்டு மணிக்கே சண்டை தொடங்கிவிட்டது. லட்சத்துக்கு மேல் மின்கம்பம் சாய்ந்த புயல் அது. எங்கள் தெருவுக்குக் கரண்டு வர 25 நாள் ஆனது. அந்த 25 நாளும் சாயங்காலமானால் இருவரும் எதிரெதிர்த் திண்ணையில் உட்கார்ந்து திட்டிக்கொண்டார்கள். ஒருவர் குரல் கேட்காவிட்டால் மற்றவர் எழுந்துபோய் எட்டிப்பார்ப்பார்.

இருட்டில் உட்காருவது தவறா என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் எங்கே ஐயா இருட்டில் உட்காருகிறீர்கள்? கையில் மொபைல். கண் இருட்டுக்குச் சரியாகப் பழக அரைமணி நேரம் வேண்டும். நடுவில் திரையைப் பார்த்தால் பழகியது கெட்டுப்போகும். உங்களுடையது இருட்டும் இல்லை, வெளிச்சமும் இல்லை, முகத்தில் அடிக்கிற நீலம். அதைத் தூர வையுங்கள். அப்பாவை நினைத்து அழ வேண்டுமென்றால் அழுங்கள். நாலு பேர் கூப்பிடுகிறார்கள், எடுக்கவில்லை என்பதை ஏதோ தவம் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். பார்த்ததும் கோபம் வந்தது. சுரங்கம் அது இது என்று அவர்கள் உளறுவார்கள்தான். வேறென்ன சொல்ல வரும் அவர்களுக்கு? உளறட்டும், எடுங்கள். உங்கள் மனைவி திட்டுகிறாள் என்கிறீர்கள். அவள் மாமனாரும் போயிருக்கிறார். அவள் உட்கார இடம் விட்டிருக்கிறீர்களா?

சித்தி போய் இரண்டு வருடம் ஆகிறது. வீடு பூட்டிக் கிடக்கிறது. எதிர்வீட்டு அம்மாள் மாதம் ஒருமுறையாவது எனக்குப் போன் செய்கிறார். வேலி ஓரத்தில் முருங்கை கிளைவிட்டு அவர் பக்கம் சாய்கிறதாம், கம்பளிப்பூச்சி விழுகிறதாம், உன் சித்தி இருந்தபோதும் இப்படித்தான் என்று அரைமணி நேரம். நேற்றும் வந்தது, உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தபோது. எடுத்தேன்.