ஆமைத் தொட்டியில் மீன் விடலாமா?

இரண்டடித் தொட்டியில் இரண்டு குட்டி ஆமை வளர்க்கிறேன், கூடவே நாலு கோல்டு பிஷ் விடலாமா, கடிக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடிக்கும். இன்றைக்கு இல்லாவிட்டாலும் ஆறு மாதம் கழித்து.

எட்டு வருடத்துக்கு முன் மகள் கேட்டாள் என்று ஒரு ஆமைக்குட்டி வாங்கினேன். கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருக்குமே, அந்த ரெட் இயர்டு ஸ்லைடர். "மீனோட சேர்ந்தே இருக்கும் சார், ஒண்ணும் பண்ணாது" என்று கடைக்காரர் சொன்னதை நம்பி நாலு கோல்டு பிஷ்ஷையும் விட்டேன். ஐந்து மாதம் ஒரு சண்டையும் இல்லை. அப்புறம் ஒருநாள் காலையில் பார்த்தால் ஒரு மீனுக்கு வால் பாதி இல்லை, அடுத்த வாரம் அந்த மீனே இல்லை, இப்படி ஒரு மாதத்துக்குள் நாலும் போய்விட்டன. பகலில் எதுவுமே என் கண்ணில் படவில்லை, ராத்திரி மீன் அசையாமல் ஓய்வெடுக்கும்போது நடந்திருக்கும். மகள் அழுததைப் பார்த்து எனக்கும் மனசு ஆறவில்லை. ஆமைமேல் தப்பே கிடையாது, தண்ணீரில் நகர்வதைப் பிடித்துத் தின்பது அதன் இயல்பு.

கடிப்பதாவது கண்ணுக்குத் தெரியும். தண்ணீர் கெடுவது தெரியாது. ஆமை தின்பதும் அதிகம், கழிப்பதும் அதிகம், அதில் அம்மோனியா என்ற நச்சு ஏறும்; ஆமை தலையை வெளியே நீட்டி மூச்சு விடுவதால் உடனே வாடாது, செவுளால் மூச்சு விடும் மீன்தான் முதலில் மேலே வந்து வாயைத் திறந்து திணறும். அதனால்தான் தொட்டித் தண்ணீரைப் போல இரண்டு மூன்று மடங்கு அளவுக்கான ஃபில்டர் போடச் சொல்கிறார்கள். ஓட்டின் நீளத்தில் ஒரு அங்குலத்துக்குக் கிட்டத்தட்ட 38 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்பது வளர்ப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. இரண்டடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரத் தொட்டியை விளிம்புவரை நிரப்பினாலே 56 லிட்டர்தான், உங்கள் இரண்டு ஆமைக்கே அது சீக்கிரம் பத்தாமல் போகும். என் ஆமை இப்போது எட்டு அங்குலம்.

கோல்டு பிஷ்ஷில் இன்னொரு சிக்கல், அதன் உடம்பில் இருக்கும் தயமினேஸ் என்ற நொதி வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும், அதையே அடிக்கடி தின்றால் ஆமைக்குக் கெடுதல். பாசியைச் சுத்தம் செய்யும் என்று சக்கர் மீன் விடுவார்கள், அதுவும் வேண்டாம்; ஆமை ஓட்டிலேயே ஒட்டிச் சுரண்டும், ஆமை அதைக் கவ்வினால் துடுப்பு முள் தொண்டையில் சிக்கும். எப்படியும் விட்டே தீருவேன் என்றால் செடி அடர்த்தியாகப் போட்டு கப்பி என்ற சின்ன மீன் விடுங்கள், வேகமாகக் குட்டி போடும், ஆனால் அவை ஆமைக்குத் தீனி என்று தெரிந்தே விடுங்கள்.

மீன் வாங்கும் பணத்தில் ஆமை ஏறி உடம்பு காய ஒரு மேடையும், யூவிபி என்ற புற ஊதாக் கதிர் தரும் விளக்கும் வாங்குங்கள். ஜன்னல் வெயில் போதும் என்று நினைக்காதீர்கள், கண்ணாடி அந்தக் கதிரை பெரும்பாலும் தடுத்துவிடும், அது இல்லாவிட்டால் ஓடு மென்மையாகிப் போகும். குழந்தைகள் ஆமையைத் தொட்டால் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும், சால்மோனெல்லா கிருமி பரவும். அமெரிக்காவில் 1975-லேயே நாலு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்கத் தடை போட்டது இதற்காகத்தான்.

வளர்க்க முடியவில்லை என்று ஏரியில் மட்டும் விட்டுவிடாதீர்கள். வெளிநாட்டு ஆமை, நம் ஊர் ஆமைகளின் இடத்தையும் இரையையும் பிடித்துக்கொள்ளும். உங்களுடையது குளத்தில் பிடித்த நாட்டு ஆமை என்றால் கதையே வேறு, 1972 வனவிலங்குச் சட்டப்படி அவற்றை வீட்டில் வைத்திருக்கக் கூடாது, வனத்துறையிடம் கொடுத்துவிடுங்கள்.

மீன் ஆசை இருந்தால் பக்கத்திலேயே தனித் தொட்டி வையுங்கள், நாங்கள் இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறோம். ஆமை எத்தனை அங்குலம், என்ன ஃபில்டர் ஓடுகிறது என்று எழுதுங்கள், எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும் என்று சொல்கிறேன்.