ஸல்மான் ஃபாரிஸி (ரலி): முந்நூறு கன்றும் நாற்பது ஊகியாவும் (கேள்வி பதில்)

கேள்வி: ஹஜ்ரத், பாரசீகத்திலிருந்து வந்த நபித்தோழர் ஸல்மான் (ரலி) பத்ர், உஹத் போர்களில் ஏன் இல்லை?

பதில்: அப்போது அவர்கள் அடிமை. அரபு நாட்டுக்கு அழைத்துப் போவதாக ஆடுமாடுகளை வாங்கிக்கொண்ட கல்பு குலத்து வணிகர்கள், வாதில் குரா என்ற இடத்தில் அவர்களை விற்றுவிட்டார்கள். பிறகு பனூ குறைழா குலத்து யூதர் ஒருவர் வாங்கி மதீனாவுக்குக் கொண்டுவந்தார். அவர்களின் முதல் களம் ஹிஜ்ரி 5-இல் நடந்த அகழ்ப்போர்.

கேள்வி: விடுதலைக்குப் பேசிய விலை என்ன?

பதில்: 300 பேரீச்சங்கன்று நட்டுத் தர வேண்டும், கூடவே 40 ஊகியா (பழைய அரபு எடை அளவு) தங்கம். இப்படித் தொகை பேசி, அடைத்து முடித்ததும் விடுதலையாவதற்கு முகாதபா என்று பெயர். கன்று என்றதும் கொட்டை முளைத்த நாற்றை நினைக்காதீர்கள். கொட்டையில் வருவதில் ஏறக்குறையப் பாதி ஆண் மரமாகிவிடும், காய்க்காது. அதனால் தாய்மரத்தடியில் வெடிக்கும் பக்கக்கன்றைப் பிரித்து நடுவதுதான் பேரீச்சையில் வழக்கம். “உங்கள் சகோதரருக்கு உதவுங்கள்” என்று நபி (ஸல்) அவர்கள் சொல்ல, ஒருவர் 30, ஒருவர் 20, வேறு சிலர் 15, 10 என்று கொண்டுவந்தார்கள். குழிகளை ஸல்மானும் தோழர்களும் தோண்டினார்கள். நட்டது நபி (ஸல்) அவர்களின் கை.

கேள்வி: ஒரு கன்று மட்டும் காய்க்கவில்லையாமே?

பதில்: இரண்டு அறிவிப்புகளைக் கலந்துவிடுகிறோம். ஸல்மானே சொன்னதாக இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிப்பதில், ஒன்றுகூடப் பட்டுப்போகவில்லை. புரைதா (ரலி) அறிவிப்பதில்தான், உமர் (ரலி) நட்ட ஒன்று மட்டும் அந்த வருடம் காய்க்காமல் போக, நபி (ஸல்) அதைப் பிடுங்கி மறுபடி நட்டார்கள்.

கேள்வி: அந்தக் கடனுக்காக நபி (ஸல்) கொடுத்த முட்டை அளவுத் தங்கத்தில் 40 ஊகியா எப்படி அடைந்தது?

பதில்: ஸல்மானும் இதையேதான் கேட்டார்கள்: நான் கொடுக்க வேண்டியதற்கு இது எந்த மூலைக்கு? கணக்குப் பாருங்கள். ஊகியா 40 திர்ஹம் எடை, பரவலான கணக்கில் சுமார் 119 கிராம். நாற்பது ஊகியா நாலே முக்கால் கிலோ வரும். கோழிமுட்டை அளவு கெட்டித் தங்கம் ஒரு கிலோதான் தேறும். “அல்லாஹ் இதைக்கொண்டே அடைப்பான்” என்றார்கள் நபி (ஸல்). நிறுத்தால் சரியாக இருந்தது. ஊகியாவை இன்றைய 31 கிராம் அவுன்ஸ் என்று வைத்துக் கணக்குப் போட்டால் இந்த அற்புதமே கண்ணில் படாது.

கேள்வி: அகழ்ப்போரில் அகழை மதீனா ஊரைச் சுற்றி வெட்டினார்களா?

பதில்: இல்லை, வடக்கில்தான். மற்றப் பக்கங்களை எரிமலைக் கற்பரப்பும் தோப்புகளும் நெருங்கிய வீடுகளும் அடைத்திருந்தன. பத்துப் பேருக்கு 40 முழம் பிரித்ததாக வரும் அறிவிப்பின் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது. பயானில் (மார்க்கச் சொற்பொழிவில்) அதைச் சொல்பவர்கள் இதையும் சொல்ல வேண்டும்.

கேள்வி: ஸல்மான் (ரலி) 250 வயது வாழ்ந்தார்களா?

பதில்: அப்படி எழுதிய வரலாற்றாசிரியர் இமாம் தஹபீயே பின்னர் அதிலிருந்து பின்வாங்கிவிட்டார்கள். நூறை எட்டியிருப்பார்கள் என்றுகூட அவர்கள் கருதவில்லை.

கேள்வி: மதாயின் நகரின் அமீராக (ஆளுநராக) இருந்தும் கூடை முடைந்தது உண்மையா?

பதில்: அப்படித்தான் அறிவிக்கப்படுகிறது. ஒரு திர்ஹத்துக்குப் பேரீச்ச ஓலை வாங்கி முடைந்து, மூன்றுக்கு விற்பார்கள். ஒன்று மறுபடி ஓலைக்கு, ஒன்று குடும்பத்துக்கு, ஒன்று ஸதகாவுக்கு (தர்மத்துக்கு). அமீருக்கான உதவித்தொகை வந்தால் அது முழுவதும் ஸதகாவுக்கே போய்விடும்.