மாடு மேய்ப்பவர் தோளில் துப்பாக்கி ஏன்?

கேள்வி: எத்தியோப்பியாவின் முர்சி பழங்குடியினரைப் பற்றிய ஒரு படத்தொகுப்பில், உதட்டில் மண்தட்டு அணிந்த பெண்ணுக்கு அருகே ஏகே-47 துப்பாக்கியைத் தோளில் மாட்டிய இளைஞர் நிற்பதைக் கண்டேன். இவர்களுடைய மரபு அழிந்துவிட்டது என்றுதான் கொள்ள வேண்டுமா?

பதில்: அப்படி முடிவு கட்டுவதற்கு முன், அந்தத் துப்பாக்கி அவர் தோளுக்கு எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். மாடு மேய்க்கும் முர்சிகள் வாழும் ஓமோ ஆற்றுச் சமவெளிக்குத் துப்பாக்கி நேற்று வந்த பொருள் அன்று. எத்தியோப்பியப் பேரரசர் இரண்டாம் மெனெலிக்கின் படைகள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தெற்கு நோக்கிப் பரவிய காலத்திலிருந்தே பழைய ரகத் துப்பாக்கிகள் அங்கே புழங்கின. தானியங்கித் துப்பாக்கியின் வரவுதான் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. சூடானில் 1983இல் உள்நாட்டுப் போர் மூண்ட பின், எல்லையோரத்தில் வாழும் நியாங்கடோம் மக்களின் கைக்கு ஏகே-47 ரகக் கலாஷ்னிகோவ் துப்பாக்கிகள் வந்தன. 1987இல் அவர்கள் முர்சிகளைத் தாக்கியபோது நூற்றுக்கணக்கான முர்சிகள் மாண்டனர். பெண்களும் குழந்தைகளுமே அவர்களில் மிகுதி. அதன் பிறகு முர்சிகளும் அதே ரகத் துப்பாக்கியைத் தேடிப் போனதை நாகரிக மோகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உகாண்டாவின் மேய்ச்சல் பகுதியான கரமோஜாவிலும் இதே கதைதான். 1979இல் இடி அமீனின் ஆட்சி கவிழ்ந்து, மொரோட்டோ படைமுகாமை வீரர்கள் கைவிட்டு ஓடியபோது, அங்கிருந்த ஆயுதக் கிடங்கு கரமோஜோங் மக்கள் வசமானது. பிற்பாடு 2001இன் இறுதியில் அரசு ஆயுதங்களைத் திரும்பப் பெறத் தொடங்கியது. ஆனால், துப்பாக்கியை ஒப்படைத்தவர்களின் மந்தைகளை ஒப்படைக்காத அண்டைக் குழுவினர் ஓட்டிச் சென்றனர். பாதுகாப்புக்கு வழிசெய்யாமல் ஆயுதத்தை மட்டும் பறிப்பது எத்தகைய அநீதி என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இருந்தாலும், மரபு ஓர் இடத்தில் ஆழமாகவே அடிபட்டிருக்கிறது. தெற்கு சூடானின் நூயர் மக்களிடையே, ஈட்டியால் ஒருவரைக் கொன்றவர், இறந்தவரின் ரத்தம் தம் உடலுக்குள் புகுந்துவிட்டதாகக் கருதி, சிறுத்தைத்தோல் போர்த்திய சடங்குத் தலைவரின் வீட்டுக்கு ஓடுவார். தலைவர் அவருடைய கையைக் கீறி ரத்தத்தை வெளியேற்றும்வரை அவர் உண்ணவோ பருகவோ கூடாது. அதன் பின் தலைவர் இரு குடும்பங்களுக்கும் நடுவே நின்று, இழப்பீடாகத் தரவேண்டிய மாடுகளைப் பேசி முடிப்பார். இந்த ஏற்பாடு முழுவதும், கொன்றவர் யார் என்பது தெரிந்திருந்தால்தான் நடக்கும். பல துப்பாக்கிகள் ஒரே நேரத்தில் தூரத்திலிருந்து வெடிக்கையில், எந்தக் குண்டு யாருடையது என்று சுட்டவருக்கே தெரியாது. பழிக்குப் பழி வாங்குவதைத் தடுத்து நிறுத்தும் வழியே இவ்வாறு தளர்ந்து போவதைத்தான் நான் உண்மையான இழப்பாகக் கருதுகிறேன்.

கேள்வி: கைப்பேசி போன்ற நவீனப் பொருள்களும் அவர்களிடம் சேர்ந்துவிட்டனவே, அவையும் இப்படித்தான் கெடுக்கின்றனவா?

பதில்: இல்லை. வெளியிலிருந்து வரும் பொருளைத் தங்கள் விருப்பப்படி மாற்றிக்கொள்வதில் அம்மக்கள் கைதேர்ந்தவர்கள். ஓமோ ஆற்றின் முகத்துவாரப் பகுதியில் வாழும் தாசனெச் பெண்கள், குளிர்பானப் புட்டிகளின் தகர மூடிகளையும் அறுந்த கைக்கடிகாரப் பட்டைகளையும் நெருக்கமாகக் கோத்து, தலையை மூடும் அணிகலனாகச் செய்துகொள்கிறார்கள். கென்யாவில் 2007இல் எம்-பெசா என்ற கைப்பேசிவழிப் பணச்சேவை தொடங்கிய பின், வங்கிக் கிளையே இல்லாத மேய்ச்சல் பகுதிகளிலும் மாசாய் மக்களால் மாடு விற்ற பணத்தைக் கைப்பேசியிலேயே பெற முடிகிறது. சிறிய சூரியத் தகட்டிலோ சந்தைக் கடையில் காசு கொடுத்தோ அதற்கு மின்னேற்றிக் கொள்கிறார்கள். மந்தையைச் சந்தைக்கு ஓட்டுவதற்கு முன்பே அங்குள்ள விலையை விசாரித்துவிடுகிறார்கள். வடமேற்குக் கென்யாவில், மந்தைகளைக் கொள்ளையடிக்க ஆள் திரட்டுபவர்களும் கைப்பேசியில்தான் பேசிக்கொள்கிறார்கள். கொள்ளையர் வருகிறார்கள் என்று அடுத்த ஊரை எச்சரிக்கும் அமைதிக் குழுவினரும் அதில்தான் அழைக்கிறார்கள்.